சேராத ஜோடி

சேராத ஜோடியைக் கண்டுபிடிக்க மட்டும் ஜெபமலருக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை. தென்காசி கோச்சிங் சென்டரில் ஜோயல் சார் போர்டில் எழுதிப்போடுவார்: பூனை–எலி, கொக்கு–மீன், பாம்பு–தவளை, பசு–கன்று. மற்றப் பிள்ளைகள் பசு–கன்று என்று கத்தும். இவள் மட்டும், "கொக்கும் மீனும் ஒரே குளந்தான சார், எல்லாம் ஒண்ணுக்கொண்ணு சொந்தந்தான்" என்பாள். தங்கமான பிள்ளை, பரீட்சைக்குத்தான் லாயக்கில்லை. விழுந்து விழுந்து சிரித்த சாரே பிறகு அவளைக் கட்டிக்கொண்டார். சண்டை போட்டாலும் கொஞ்சினாலும், "ஏட்டி, உனக்குப் பிரிக்கவே வராதுட்டி" என்பார்.

போன சீசனில் குற்றாலம் ரோட்டுச் சாரலில் பைக் வழுக்கி அவருக்குத் தலையில் அடி. பிழைத்து வந்தார். அச்சன்புதூர் வீடு தெரிந்தது, அம்மாவைத் தெரிந்தது, பாடம்கூட ஒன்று விடாமல் தெரிந்தது. கடைசிச் சில வருஷங்கள் மட்டும் துடைத்தாற்போல் போய்விட்டன. அவள் படிக்க வந்ததும் கல்யாணமும் அதில்தான் இருந்தன.

"ஏலே, இவ உன் பொண்டாட்டிலே" என்று அம்மா சொன்ன அன்றைக்கு அவர் தலையைப் பிடித்துக்கொண்டு அலறினார். வற்புறுத்தக் கூடாது என்றுவிட்டார் டாக்டர். வேறென்ன செய்வாள்? தன் பேரை மட்டும் சொல்லிக்கொண்டு, கேள்வித்தாளோடு எதிரே போய் உட்கார்ந்தாள். படிக்க வந்த பெண் என்று நினைத்து அவரும் "வாங்க" என்றார். கட்டின புருஷன் வாயிலிருந்து வந்த அந்த "வாங்க" அவள் நெஞ்சை அறுத்தது. ஆனாலும் தினமும் போனாள், பழையபடியே தப்புத் தப்பாக விடை சொன்னாள்.

ஒரு சாயங்காலம் அவளே ஒரு கேள்வி எழுதிக் கொண்டுபோனாள். அவருடைய அப்பா அம்மா பேர், பக்கத்து வீட்டு வேல்சாமி–குருவம்மாள், எதிர்வீட்டுப் பால்வண்ணநாதன்–ஆனந்தவள்ளி, கடைசியாக ஜோயல்–ஜெபமலர். நாலுமே புருஷன் பெண்டாட்டி. இதில் சேராத ஜோடியே இல்லையே என்று அவர் வாயால் ஒருதரம் வந்துவிடாதா என்ற நப்பாசை.

அவர் படித்துவிட்டுச் சிரித்தார்.

"லேசான கேள்வி. முத மூணும் புருஷன் பொண்டாட்டி. கடைசில நானும் நீங்களும், சாரும் படிக்க வந்த பிள்ளையும். இப்ப நீங்களே சொல்லுங்க, எது சேரல?"

அவள் தாளில் தன் பேரை விரலால் தடவினாள். அவர் முகம் சுருங்கியது, கை நெற்றிக்குப் போனது. அடுத்து அலறல்தான் என்று அவளுக்குத் தெரியும்.

"கடைசி ஜோடி, சார்."

"கரெக்ட்!" என்று மனசார மகிழ்ந்து டிக் போட்டுக் கொடுத்தார். "பாத்தீங்களா, உங்களுக்கும் பிரிக்க வந்துட்டு."