மெசினை நிறுத்தினால் கூட்டுவோம்

எங்கள் தோட்டத்தில் தேயிலை ஃபேக்டரியை ஸ்டோர் என்றுதான் சொல்வோம். கலியாணத்துக்கு முன்பே நான் அங்கே வேலைக்குப் போய்விட்டேன். மலையில் மழையோடும் அட்டையோடும் கொழுந்து எடுக்கிற பெண்களுக்கு எங்கள் மேல் பொறாமை. கூரைக்குக் கீழே நின்று செய்கிற வேலை அல்லவா? சல்லடை மெசின்கள் இருந்த கூடத்தில் பத்துப் பெண்கள் இருந்தோம். காம்பு பொறுக்குவோம், தூள் அள்ளுவோம், கூட்டுவோம்.

மெசின்கள் எல்லாம் ஒரே எஞ்சினில் ஓடின. உத்திரத்தை ஒட்டி நீளமான இரும்புத் தண்டு ஒன்று சுற்றும். அதிலிருந்து அகலமான பெல்ட்டுகள் ஒவ்வொரு மெசினுக்கும் இறங்கி வரும். அவற்றுக்கு மறைப்பு என்று எதுவும் கிடையாது. மெசினுக்கு அடியில் தூள் கொட்டிக்கொண்டே இருக்கும். அதைக் கூட்டி எடுப்பதற்காக மெசினை நிறுத்த மாட்டார்கள். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர், "நிப்பாட்டினா அன்னைக்கு வேல முடியுமா?" என்று கேட்பார். நாங்களும் முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு, ஓடுகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் குனிந்து கூட்டுவோம்.

என் அண்ணன் மனைவியும் அங்கேதான் வேலை செய்தார். வேகமான கை. தோட்டத்தை அரசாங்கம் எடுத்து, ரோட்டோரத்தில் புதுப் பலகை நட்ட சமயம் அது. இனிமேல் எல்லாம் மாறும் என்று பேசிக்கொண்டிருந்தோம். ஒரு நாள் காலை, மதினி கூட்டிவிட்டு நிமிர்ந்தபோது முந்தானை அவிழ்ந்து பெல்ட்டுக்குள் போனது. பிடித்து இழுக்கப் போன இடது கையும் சேர்ந்து போனது. அந்தச் சத்தத்தை நான் எழுதப் போவதில்லை. எஞ்சின்காரர் ஓடிவந்து ஒரு கம்பால் பெல்ட்டைத் தள்ளிக் கழற்றியதால்தான் உயிர் தப்பியது. வாசலில் நின்ற லொறியிலிருந்து தேயிலைப் பெட்டிகளை இறக்கிவிட்டு, அதிலேயே மதினியைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முழங்கை முறிந்திருந்தது. இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் ஸ்டோருக்குப் போனால், தரையைக் கழுவிவிட்டு மெசின் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. மதினியின் விளக்குமாற்றை டீமேக்கர் இன்னொரு பெண்ணிடம் நீட்டினார். அவள் என்னைவிட இளையவள், கைக்குழந்தைக்காரி. வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பெல்ட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"மெசின நிப்பாட்டுங்கய்யா. கூட்டுறேன்."

"என்னது?"

"வேல செய்ய மாட்டேன்னு சொல்லலீங்க. நிப்பாட்டுனா கூட்டுறேன்."

யாரும் யாருக்கும் கண் காட்டவில்லை, பேசி வைத்துக்கொள்ளவும் இல்லை. நான் என் விளக்குமாற்றை அவளுடையதற்குப் பக்கத்தில் சாய்த்தேன். மற்றவர்களும் சாய்த்தார்கள். பொறுக்க வேண்டிய காம்பைப் பொறுக்கினோம், அள்ள வேண்டிய தூளை அள்ளினோம். மெசினுக்கு அடியில் மட்டும் ஒருத்தியும் போகவில்லை. மத்தியானத்துக்குள் அங்கே தூள் குவிந்துவிட்டது.

தோட்டத்து மேனேஜரான தொரை வந்தார். "சீலை ஒழுங்கா கட்டலன்னா இப்படித்தான் நடக்கும். அதுக்கு மெசின் என்ன செய்யும்?" என்றார்.

அவரிடம் பதில் பேசி எங்களுக்குப் பழக்கமில்லை. ஆனாலும் கைக்குழந்தைக்காரி, "சீலை அவுறாம யாருங்கய்யா நாள் பூரா குனிஞ்சு கூட்டுறது?" என்று கேட்டுவிட்டாள். தொரை திரும்பிப் போய்விட்டார். சாயங்காலம் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கு வந்தார். "நான் பேசிப் பாக்குறேன். அதுவரைக்கும் கூட்டுங்கம்மா" என்றார். "நீங்க பேசுங்கண்ணே. அதுவரைக்கும் நாங்க கூட்டல" என்றோம்.

ஞாயிறு போய் திங்கட்கிழமை, மதினியைப் பார்க்க அண்ணனும் நானும் பதுளைக்குப் போனோம். மடுல்சீமை பஸ் எங்கள் சந்திக்கு வரும்போதே நிறைந்திருக்கும், நின்றுகொண்டே போனோம். மதினி கட்டுப்போட்ட கையை மார்பில் வைத்துப் படுத்திருந்தார். ஸ்டோரில் நடந்ததைச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்.

"எல்லாருமா?"

"எல்லாருந்தான் மதினி."

"அப்ப வெளக்குமாத்த எடுத்துறாதீங்க புள்ள. எடுத்தா இன்னொருத்தி இந்தக் கட்டிலுக்கு வருவா."

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே தொழிலாளர் அலுவலகமான லேபர் கந்தோருக்குப் போனோம். உள்ளே போக அண்ணன் தயங்கினார். தோட்டத்தில் தெரிந்தால் வேலையும் போய், லயத்தில் குடியிருக்கும் காம்பராவும் போய்விடுமோ என்ற பயம் அவருக்கு. எனக்கும் அந்தப் பயம் இருந்தது, ஆனால் மதினியின் கட்டில் அதைவிடப் பக்கத்தில் இருந்தது. அங்கே பதுளை டவுனைச் சேர்ந்த முஸ்லிம் உத்தியோகத்தர் ஒருவர் எங்களை உட்காரச் சொன்னார். ஒரு கந்தோரில் எனக்கு நாற்காலி கிடைத்தது அதுதான் முதல் தடவை. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"இது சட்டத்திலயே இருக்கு தங்கச்சி. ஓடுற பெல்ட்டுக்கு மறைப்பு கட்டாயம் போடணும். நீங்க ஒண்ணும் தர்மம் கேக்கல்ல" என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது அந்தக் கடைசி வார்த்தையை எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தேன்.

சில நாள் கழித்து ஃபேக்டரிகளைச் சோதிக்கும் அதிகாரி ஜீப்பில் வந்தார். அவர் வருவது ஸ்டோருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. காலையிலேயே மெசினை நிறுத்தி, எங்களைக் கொண்டே அடியைச் சுத்தமாகக் கூட்ட வைத்திருந்தார்கள். அதிகாரி தண்டையும் பெல்ட்டையும் அண்ணாந்து பார்த்தார். எங்களுக்கும் விளங்கட்டும் என்றோ என்னவோ, தமிழிலேயே கேட்டார்.

"கூட்டும்போது மெசினை நிறுத்துவீங்களா?"

"எப்பவும் நிறுத்துவோம் சேர்" என்றார் டீமேக்கர்.

தொரை எங்களைப் பார்த்தார். இருந்தும் ஓர் அடி முன்னால் வந்தேன்.

"இல்லீங்க. இன்னைக்கு மட்டுந்தான் நிப்பாட்டியிருக்கு. ஓடுற மெசினுக்கு அடியில கூட்டித்தான் எங்க மதினிக்குக் கை போச்சு."

எனக்குப் பின்னால், "ஆமாங்க" என்று ஒருத்தி சொன்னாள். "ஆமாங்க, அவ சொல்றதுதான் நெசம்" என்று இன்னொருத்தி. எல்லாரும் சொல்லி முடிப்பதற்குள் எஞ்சின்காரரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "நெசந்தாங்க சேர். பெல்ட்ட கழட்டுனது நான்தான்" என்றார். இத்தனை வருஷம் கழித்தும் அந்த "ஆமாங்க" என் முதுகுக்குப் பின்னால் ஒலிப்பதுபோல இருக்கிறது. அதைப்போல ஒரு பலத்தை அதன்பிறகு நான் உணர்ந்தது குறைவு.

எங்களில் யாருக்கும் வேலை போகவில்லை. பதுளையிலிருந்து இரும்பு வேலைக்காரர்கள் வந்து அளவெடுத்துப் போனார்கள். அடுத்த மாதம் எல்லாப் பெல்ட்டுக்கும் கம்பிவலைக் கூண்டு வந்தது. கூட்டும் நேரத்தில் மணியடித்து மெசினை நிறுத்த வேண்டும் என்று தொரையே உத்தரவு போட்டார். எரிச்சலோடுதான் போட்டார், ஆனாலும் போட்டார். முதல் தடவை மணியடித்து, சத்தமெல்லாம் அடங்கியபோது, ஸ்டோருக்குப் பின்னால் ஆறு ஓடுகிற ஓசை கேட்டது. அங்கே வேலை செய்துகொண்டு அதை நாங்கள் அதுவரை கேட்டதேயில்லை.

மதினிக்கு நட்டஈடு கிடைக்க வெகுநாள் இழுத்தது. சங்கத் தலைவர் அந்த விஷயத்தில் மெய்யாகவே அலைந்தார். கை ஓரளவு தேறியதும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் மதினிக்கு வேலை கொடுத்தார்கள். அங்கே போகும் முன் ஒரு காலை என்னோடு ஸ்டோருக்கு வந்தார். கூண்டைச் சுற்றி நடந்து, வலையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

"நல்லாத்தான் போட்டிருக்கானுங்க" என்றார்.

பிறகு ஒரு நாள் நாங்கள் இருவரும் பஸ்ஸில் பதுளைக்குப் போனபோது, வேறொரு தோட்டத்துப் பெண்கள் இருவர் மதினியின் கையைப் பார்த்து விசாரித்தார்கள். அவர்களுடைய ஸ்டோரிலும் பெல்ட்டுக்கு மறைப்பு இல்லையாம். மதினி என்னைத் தொட்டுக் காட்டி, "இவகிட்ட கேளுங்க. தொரைக்கு முன்னால நின்னு சொன்னவ" என்றார். லேபர் கந்தோர் எங்கே இருக்கிறது, யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் அவர்கள் கேட்டார்கள். பதுளையில் இறங்கியதும், வழி சொல்வதோடு விடாமல் நாங்களே அவர்களைக் கந்தோர் வாசல்வரை கூட்டிக்கொண்டு போனோம். "உள்ள போங்க, நாற்காலி குடுப்பாங்க" என்றேன்.