நார்த்மீடிலிருந்து ஏரிக்கு, கயாக்கை இழுத்துக்கொண்டு

போன அக்டோபரில் என் தோழி நிவேதாவுக்கு மெல்போர்னில் வேலை கிடைத்தது. மல்கிரேவ் என்ற புறநகரில். இருவரும் சேர்ந்து வாங்கிய கயாக் என்னோடு நார்த்மீடில் நின்றுவிட்டது. இரண்டு பேர் உட்காரும் பிளாஸ்டிக் படகு, இருபத்தேழு கிலோ. அவள் காரில்தான் பரமட்டா ஏரிக்குப் போவோம். ஆளுக்கொரு முனை தூக்குவோம். என்னிடம் கார் இல்லை.

"தனியா என்ன பண்ணுவ? வித்துடுடி," என்றாள். விளம்பரம் போட்டேன். ஒருவர் ஞாயிறு மாலை ஆறு மணிக்கு வருவதாகச் சொன்னார். அவர் நேரம் சொன்ன பிறகுதான் எனக்கு விற்க மனமில்லை என்று தெரிந்தது. ஏரி இரண்டேகால் கிலோமீட்டர். சனிக்கிழமை தனியாகப் போய்த் திரும்பிவிட்டால் படகு எனக்கு. இல்லையென்றால் அவருக்கு.

படகை வைத்து இழுக்க ஒரு வண்டி செய்வது கடினமில்லை. பிவிசி குழாய், இணைப்புகள், பசை, ஓர் இரும்புக் கம்பி, இரண்டு பட்டைகள்: நாற்பத்தாறு டாலர். இரண்டு முக்கோணங்கள், அவற்றை ஊடுருவிச் செல்லும் கம்பி, முனைகளில் சக்கரம். படகு உட்காரும் இடத்தில் நீச்சல்குளத்து நுரைக்குழாய். சக்கரங்கள், தெருவில் யாரோ போட்டுவிட்ட பிராம் என்ற குழந்தைத் தள்ளுவண்டியிலிருந்து. விட்டம் பதினைந்து சென்டிமீட்டர்.

வெள்ளி மாலை, கார் நிறுத்துமிடத்தில் வெள்ளோட்டம். நிவேதா வீடியோவில்.

"எலுமிச்சம்பழம் வெச்சியா? வைக்காம எடுக்காத."

வைத்தேன். சக்கரத்துக்கு ஒன்று. குப்பை போட வந்த மேல்வீட்டு அன்ரி, மன்னார்க்காரர், நின்றுவிட்டார்.

"என்ன பிள்ளை, தேசிக்காயோ? எங்கட ஊரில வள்ளம் இறக்க ஃபாதர் வந்து தீர்த்தம் தெளிப்பார்."

"ஃபாதர் பிஸியா இருப்பார் அன்ரி."

இழுத்தேன். சக்கரம் பழத்தில் முட்டி நின்றது. பலமாக இழுத்தேன். பழம் உருண்டு முன்னால் போனது. நசுங்கவில்லை.

"தேசிக்காயில ஏறாத சில்லு றோட்டில ஏறுமோ?"

போனுக்குள் நிவேதா விழுந்து விழுந்து சிரித்தாள். "மானம் போச்சுடி."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பழம் ஐந்து சென்டிமீட்டர். வழியில் மரவேர்கள் நடைபாதையை அதைவிட உயரமாகத் தூக்கியிருக்கின்றன. முதல் வேரிலேயே கதை முடிந்திருக்கும்.

"பேரன்ட பழைய பிராம் கராஜில கிடக்கு," என்றார் அன்ரி. "ஓடுற ஆக்கள் தள்ளிக்கொண்டு போறது. பெரிய சில்லு. வந்து எடுங்கோ."

முப்பது சென்டிமீட்டர், காற்றடித்த டயர். இந்த முறை இரண்டு பழமும் வெடித்தன. அன்ரி சிலுவை போட்டுக்கொண்டார்.

சனி காலை ஏழு பத்துக்குக் கிளம்பினேன். முதல் சந்திலேயே கை வலித்தது. வண்டியைப் படகின் பின்முனையில் கட்டியிருந்தேன். பாதி எடை என் கையில். நடுவுக்கு நகர்த்தினேன். படகு லேசானது. சிக்னலில் ஒரு டிரைவர் கண்ணாடியை இறக்கி, படகைக் காட்டி, "நல்ல நாய். பேர் என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "இன்னும் வைக்கலை," என்றேன்.

ஏரிக்கு இறங்கும் சரிவில் படகு என்னைத் தள்ளியது. பின்னால் போய்ப் பட்டையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். ஐம்பத்திரண்டு நிமிடம்.

வண்டியைக் கழற்றிப் பின்னிருக்கையில் கட்டினேன், நிவேதாவின் இடத்தில். நான் நடுவில் உட்கார்ந்தேன். இரண்டு பேருக்கான படகு ஒருவருக்கு மெதுவாகத் திரும்புகிறது. ஆனால் திரும்புகிறது. மரங்களின் நிழல் தண்ணீரில். ரொம்ப நேரம் துடுப்புப் போடவில்லை.

திரும்பும்போது மேடு. நான்கு முறை நின்றேன். ஒன்றேகால் மணி நேரம். வீட்டு வாசலில் உட்கார்ந்தபடியே, படகை வாங்க இருந்தவருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். "பரவாயில்லை. அந்த வண்டியின் படம் அனுப்ப முடியுமா?" என்று பதில் வந்தது. அனுப்பி, "நீங்களும் ஒன்று செய்துகொள்ளுங்கள்," என்றேன்.

உங்களுக்கும் அதையே சொல்கிறேன்: செய்துகொள்ளுங்கள். சக்கரம் பெரிதாக இருக்கட்டும். எடை நடுவில் விழட்டும். பட்டையைப் பாதி வழியில் ஒருமுறை இறுக்குங்கள். கையுறை வேண்டும், லைஃப் ஜாக்கெட் கட்டாயம். மழைக்குப் பிறகு தண்ணீர் அழுக்காகி ஏரியை மூடிவிடுவதுண்டு; திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

தனியாகப் போகிறவர்கள் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். நான் நிவேதாவிடம் சொல்கிறேன். இப்போது எல்லாச் சனிக்கிழமையும், கரையேறியதும் ஒரு மெசேஜ். மல்கிரேவிலிருந்து "ம்" என்று வரும். அதைப் பார்த்துவிட்டுத்தான் மேட்டில் இழுக்கத் தொடங்குவேன்.