எதிர்வீட்டு ரேம்ப்

ஒன்றையொன்று பார்த்துப் பயந்து ஆயுதம் குவிக்கும் இரண்டு நாடுகளைப் பற்றித்தான் என் பிஎச்.டி. நான்கு முறை எழுதிக் கொண்டுபோனேன். "இது தலைப்பும்மா, கேள்வி எங்கே? அடுத்த தடவையும் இல்லைன்னா சப்ஜெக்ட்டையே மாத்திடு" என்று சொல்லிவிட்டார் வழிகாட்டி மேடம். எரிச்சலோடு அஸ்தினாபுரத்தில் வந்து இறங்கினால், அப்பா வாசலில் நின்று பொருமிக்கொண்டிருந்தார்.

எதிர்வீட்டு அங்கிள் தன் வீட்டை ஜாக்கி வைத்து மூன்றடி தூக்கியிருந்தார். கேட்டுக்கு முன்னால் வண்டி ஏற்றப் புதிதாக ஒரு சிமென்ட் ரேம்ப் வேறு. அது தெருவோரக் கால்வாயை அடைத்துக்கொண்டு நின்றது.

"பாய் உசரத்துக்குப் போயிட்டார். இனி மழைத் தண்ணி பூரா நம்ம ஹாலுக்குத்தான். நாமளும் தூக்கறோம், ஆள் சொல்லிட்டேன்" என்றார் அப்பா.

எனக்குப் பொறுக்கவில்லை. நேரே எதிர்வீட்டுக்குப் போய்க் கேட்டேவிட்டேன்.

"இன்னாம்மா நீ? மொதல்ல ரெண்டு லோடு மண்ணு கொட்டுனது உங்கப்பாதானே? நீங்க தூக்கப் போறீங்கன்னு பயந்துகினுதான் நாங்க தூக்கினோம்" என்றார் அங்கிள்.

அடக் கடவுளே! அந்த மண் அம்மாவின் முருங்கைக்கும் வாழைக்கும் வந்தது. பாடப் புத்தகத்தில் வருஷக்கணக்காக முட்டிக்கொண்ட விஷயம் என் தெருவிலேயே நடந்திருக்கிறது. நான் போட்ட கூச்சலில் அங்கிள் இரண்டடி பின்வாங்கினார். விடாமல் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்து அப்பாவுக்கு எதிரில் உட்காரவைத்தேன்.

முருங்கைக் கதையைக் கேட்டு இருவரும் அசடு வழியச் சிரித்தார்கள். "தண்ணி நின்னா அந்த ரேம்ப்ப நானே உடைக்கிறேன் சார்" என்றார் அங்கிள்.

அவர் போனதும் அப்பா கேட்டார்: "உடைக்கலைன்னா? யாரு காரண்டி? யார்கிட்ட போய்க் கேக்கறது?"

"அப்பா! அதாம்ப்பா கேள்வி!" என்று குதித்தேன். தட்டிக் கேட்க மேலே யாரும் இல்லாதபோது, பயந்துபோன இருவர் எதை வைத்து ஒருவரையொருவர் நம்புகிறார்கள்? இரண்டு நாள் அப்பாவின் உயிரை வாங்கி, ஜாக்கி ஆட்களை வரவேண்டாம் என்று சொல்லவைத்தேன். அந்தக் கேள்வியை எழுதிக் கொண்டுபோனதும் மேடமும் முதல்முறையாகச் சிரித்தார். "சரி, உங்க தெருவில என்ன ஆச்சு?" என்றார்.

"இன்னும் மழை வரல மேடம்."

வந்தது. விடிந்து பார்த்தால் தண்ணீர் எங்கள் மூன்றாவது படியில். எதிர்வீட்டு கேட் சாத்தியே கிடந்தது. என் பேச்சைக் கேட்டல்லவா அப்பா வீட்டைத் தூக்காமல் விட்டார்! உள்ளே அவர் ஃபிரிட்ஜுக்கு அடியில் செங்கல் கொடுத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்க்க இன்னும் அவமானமாக இருந்தது.

அப்போது கேட் திறந்தது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் கடப்பாரையோடு அங்கிள்! நங்கென்று ரேம்ப்பில் முதல் அடி விழுந்ததும் நான் விசில் அடித்தேன். அப்பா மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு மழையில் ஓடினார். மதியத்துக்குள் தண்ணீர் கால்வாய் வழியே வடிந்துவிட்டது. அன்றைக்கு இரண்டு வீட்டுக்கும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு, முருங்கைக்கீரை உட்பட.

ஃபிரிட்ஜ் மட்டும் இன்னும் செங்கல் மேலேயே நிற்கிறது. கேட்டால், "உன் ஆராய்ச்சி முடியட்டும், இறக்கறேன்" என்கிறார் அப்பா.