கப்பலேறி ஓடியவரும் சம்பந்தம் பேசப் போன நானும்

கடந்த சனிக்கிழமை, புறநகரான வில்லியே லே பெல்லிலிருந்து தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலுக்கு மனிதகுலம் இதுவரை கண்டிராத பயணம் ஒன்றை மேற்கொண்டேன். தூரம் பதினைந்து கிலோமீற்றர். என் ஒரே மகளுக்கு ஒரு சைவப் பெடியனைப் பிடித்துவிட்டது. பெடியனின் தகப்பனோடு பன்னிரண்டேகாலுக்கு ரூ லூயி-பிளாங் தெரு உணவகம் ஒன்றில் மதியச் சாப்பாடு. அங்கே நான் 'ஓம்' என்று சம்மதித்தால்தான் மகள் கலியாண நாள் குறிப்பாளாம். இதே காரியத்துக்குப் புறப்படும் என்னைப்போன்ற வேதக்காரக் கிறிஸ்தவத் தகப்பன்மாருக்காக இதை எழுதுகிறேன்.

வினை என் வாய்தான். செபக்கூட்டத்தில் இருபது வருடமாகப் பழைய ஏற்பாட்டு யூத நூல்களை விளக்கி வருகிறேன்; நான் தொடங்கினால் ஈஃபில் கோபுரமே குனிந்து கேட்கும். கடவுள் ஒரு சனத்துக்கு மட்டும் சொந்தமில்லை, அந்நிய இனத்து மருமகள் ஒருத்தியின் வழியில்தான் அவர்களுடைய பெரிய அரசனே வந்தான் என்றெல்லாம் முழங்கியிருக்கிறேன். "அப்பா, நீங்கள்தானே சொன்னனீங்கள்?" என்று மகள் கேட்டபோது எனக்கு வந்த இருமல் அரை மணிநேரம் நிற்கவில்லை.

11.32க்கு ஆர்.ஈ.ஆர். டி ரயில். டிக்கெட் இரண்டரை யூரோ. சட்டைப்பையில் நாலு பக்க உரை. 11.52க்கு நான் இறங்கவேண்டிய கார் து நோர் நிலையம். கதவு திறந்தது. தாலியா, மோதிரமா, பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நானம் உண்டா என்று எல்லாக் கேள்விகளும் ஒரேயடியாக மடியில் ஏறி உட்கார்ந்தன. எழும்ப முடியவில்லை. கதவு மூடியது.

12.03க்கு, இரண்டு நிறுத்தம் தள்ளி, கார் து லியோனில் ரயில் நிற்கும்போது மகள் அழைத்து, எங்கே என்று பிரெஞ்சில் கேட்டாள். சொன்னேன். தமிழுக்கு மாறி, "அந்தக் கப்பலேறி ஓடினவர் மாதிரியோ அப்பா?" என்றாள்.

அதுவும் நான் சொல்லிக்கொடுத்த கதைதான். பகை நகரத்துக்குப் போய் எச்சரி என்று கடவுள் சொல்ல, அந்தச் சனம் திருந்தினால் கடவுள் மன்னித்துவிடுவாரே என்று எதிர்த்திசைக்கு ஓடிய தீர்க்கதரிசி. நிலையத்தை விட்டு வெளியேறாமல் மறுபக்க ரயிலில் ஏறித் திரும்பினேன்; அதற்கு அதே டிக்கெட் போதும். அவர் திரும்புவதற்கு, விழுங்கிக் கரையில் கக்க ஒரு மீன் தேவைப்பட்டது.

கார் து நோரிலிருந்து பன்னிரண்டு நிமிட நடை. 12.49க்கு உணவகக் கதவைப் பாதி திறந்தபடி நின்றேன். மகள், பெடியன், அவன் தகப்பன் மூவரின் தட்டும் காலி. யாரும் சாப்பிடத் தொடங்கவில்லை. மகள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பெடியனின் தகப்பன் எழும்பினார்.

"பிள்ளை உங்கட கதையைத்தான் சொன்னவ, அண்ணை. அந்த ஊர்ச் சனம் தப்பிச்சுதோ?"

"ஓம். ஆடுமாடும் தப்பிச்சுது."

"அப்ப, ஓடினவர்?"

"ஊருக்கு வெளியிலை கோவிச்சுக்கொண்டு இருந்தவர். பிறகு உள்ளுக்கு வந்தாரோ எண்டு எழுதேல்லை."

அவர் ஒரு கதிரையை இழுத்து வைத்தார். "அது கிடக்கட்டும். நீங்கள் உள்ளுக்கு வாங்கோ. குளிர் வருது."

வந்தேன். சோறு வருவதற்கு முன்பே 'ஓம்' சொல்லிவிட்டேன். தாலியா மோதிரமா என்பது இன்னும் முடிவாகவில்லை.

போகிறவர்களுக்கு: ரயிலில் கதவோரமாக நில்லுங்கள், உட்கார்ந்தால் எழும்பமாட்டீர்கள். உரையை வீட்டில் வையுங்கள். உணவகத்து வாசலில் மட்டும் நிற்கவேண்டாம். உள்ளே இருப்பவர்களுக்குக் குளிரும்.