தம்பியின் வாய்

"காலை விடாதீங்க. முட்டியில அழுத்துங்க."

லோபெட்டி மாமா முழு எடையையும் செமிசியின் முட்டியின் மேல் போட்டார். கைகளைப் பிடித்திருந்த இரண்டு பேரில் ஒருவன் அலறினான். செமிசி அவன் மணிக்கட்டைக் கவ்வியிருந்தான்.

பல் மருத்துவர் டவாகே ஊசியைத் தட்டில் வைத்தார். "விடுங்க. எல்லாரும் விடுங்க. இப்படிக் குத்தினா ஊசி உள்ளேயே ஒடிஞ்சிடும்."

விட்டதும் செமிசி நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்தான். வயது முப்பத்து மூன்று. பேச்சு வராது. நான்கு வயதுப் பிள்ளைக்குத் தெரிவதுதான் அவனுக்கும் தெரியும். இடது தாடையின் வீக்கம் கழுத்துவரை இறங்கியிருந்தது. விழுங்க முடியாத எச்சில் சட்டையில் வழிந்தது.

வெளியே பெஞ்சில் அவன் அக்கா கலோலைனே, ஊர் வழக்கப்படி மரியாதைக்கு இடுப்பில் பாயைச் சுற்றிக் கட்டியபடி, கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். டவாகே அவளிடம் வந்தார்.

"அக்கா, வீக்கம் நாக்குக்கு அடியில போகுது. இன்னும் கொஞ்சம் போனா மூச்சை அடைச்சிடும்."

"மயக்கம் குடுத்துப் பிடுங்க முடியாதா?"

"அதுக்குத் தலைநகரம் நுக்குவாலோஃபா போகணும். இந்தக் காத்துல நம்ம தீவுக்கு விமானம் வராது. கப்பல் வெள்ளிக்கிழமைதான். அதுவரைக்கும் தாங்குவானான்னு எனக்குத் தெரியல. யார் கையை இவன் கடிக்க மாட்டான்?"

அவள் இடுப்புப் பாயின் முடிச்சை இறுக்கினாள்.

அம்மா இருந்தவரை அவன் பல்லைத் துலக்கியது அம்மா. அம்மா இறந்ததும் ஒன்றுவிட்ட தம்பி பாயேயா குளிப்பாட்டிவிட்டான். பிறகு அவனும் பழம் பறிக்க ஆஸ்திரேலியா போய்விட்டான். கலோலைனே சமைத்தாள். ஆக்லாந்திலிருந்து வந்த சம்பந்தத்தை வேண்டாம் என்றாள். பாய் முடைந்து விற்று அவனுக்குச் சட்டை வாங்கினாள். ஆனால் அந்தத் தீவின் முறைப்படி, வளர்ந்த அக்காவும் தம்பியும் ஒரே கூரையின் கீழ் படுப்பதில்லை, ஒருவர் சீப்பை மற்றவர் தொடுவதில்லை. தட்டை அவன் குடிசை வாசலில் வைத்துவிட்டு அவள் திரும்பிவிடுவாள். பல் துலக்குவது யாருடைய வேலையும் இல்லாமல் போயிற்று.

லோபெட்டி மாமா வெளியே வந்து வியர்வையைத் துடைத்தார். "கடிக்காத ஆள் ஒருத்திதான். இவளைக் கண்டாலே தலையைக் குனிஞ்சுக்குவான். அப்பன் அடிச்சுச் சொல்லிக் குடுத்ததுல மண்டையில ஏறினது அது ஒண்ணுதான்."

"அப்ப அவங்களே தலையைப் பிடிச்சுக்கட்டும்."

கதவருகே கடிபட்டவன் மணிக்கட்டைத் துடைத்துக்கொண்டிருந்த நர்ஸ் ஃபூசியின் பஞ்சு நின்றது. "டாக்டர்! அவங்க அக்கா. ஃபிஜியில படிச்சீங்க, சரி. நம்ம முறையையுமா அங்கேயே விட்டுட்டு வந்தீங்க?"

"விடல. எங்க அக்காகிட்ட இப்படிச் சொல்ல எனக்கும் வாய் வராது."

"அவ அப்பன் இப்ப இருந்தா என் மண்டையைப் பொளந்திருப்பான்," என்றார் மாமா. "கலோலைனே, நீ எந்திரிக்காதே. நாங்க இன்னொரு தடவை பிடிச்சுப் பாக்கறோம்."

உள்ளிருந்து செமிசியின் மூச்சு கேட்டது. கிழிசல் துணியைக் காற்று அசைப்பதுபோல இருந்தது.

அவள் எழுந்தாள்.

அவள் வாசலில் கால் வைத்ததும் அந்த இரண்டு பேரும் தலைகுனிந்து வெளியேறினார்கள். முறைக்கு அவர்களும் தம்பிகள்தான். முறைப்படி செமிசியும் வெளியே போக வேண்டும். வாசலை மறித்து அவள் நின்றிருந்தாள். அவன் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே புகுந்து முகத்தைச் சுவரில் அழுத்திக்கொண்டான்.

"செமிசி. நான்தான்."

அவன் இன்னும் ஒடுங்கினான். அவள் தரையில் உட்கார்ந்து அவன் தோளைப் பிடித்து இழுத்தாள். அத்தனை ஆண்களை உதறியவன் அவளை உதறவில்லை. உடம்பு மட்டும் உதறிக்கொண்டிருந்தது. தலையை மடியில் வைத்தாள். அவன் கண்களை இறுக மூடிக்கொண்டான். அவள் எதிரே ஜன்னலைப் பார்த்தாள்.

"வாயைத் திற."

உதடு இறுகியது. அவள் கன்னத்தின் உட்புறம் விரலை விட்டாள். வாடை வந்தது. விரலில் பட்டவை பல் மாதிரி இல்லை. உடைந்த ஓடுகள்.

"இவ்வளவா?" என்றாள்.

டவாகே மண்டியிட்டார். "அப்படியே பிடிச்சுக்குங்க. சீழ் இருக்கற எடத்துல மரத்துப்போற மருந்து சரியாப் பிடிக்காது. வலிக்கும். உங்க விரலை எடுத்துடலாம், பல்லுக்கு நடுவுல கட்டை வைக்கிறேன்."

"கட்டையைக் கண்டா மிரளுவான். நீங்க பண்ணுங்க."

ஊசி இறங்கியபோது அவன் பல் அவள் விரலைத் தொட்டது. தொட்டபடியே நின்றது. குறடு உள்ளே போனது. ஏதோ முறிந்தது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஃபூசி உறிஞ்சும் குழாயைப் பிடித்தபடி ஜெபம் முணுமுணுத்தாள். சீழ் கலோலைனேயின் முழங்கைவரை ஓடியது.

"ஒரு வேர் உள்ளேயே இருக்கு," என்றார் டவாகே.

"எடுங்க."

எடுத்தார். விட்டதும் செமிசி தவழ்ந்து மூலைக்குப் போய் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். வாயிலிருந்து ரத்தம் வழிந்தது. மூச்சு சீராக வந்தது. அவள் வெளியே போனாள். மாமா பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். அவள் உட்காரவில்லை.

மறுநாள் மழை. ராத்திரி அடித்த காய்ச்சல் இறங்கியிருந்தது. ஃபூசி வந்து தாடையைப் பார்த்து, வீக்கம் பாதியாகிவிட்டது என்றாள். இன்னும் ஏழு பற்கள் கெட்டிருக்கின்றன, மற்றவற்றைத் தினமும் இருவேளை துலக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியனுப்பியிருந்தார். மாமா வரவில்லை. கலோலைனே சீனர் கடையில் ஒரு பிரஷ் வாங்கினாள். மத்தியானம் தேங்காய்ப்பால் ஊற்றிய ஈரப்பலாக் கஞ்சியை வாசலில் வைத்தாள். அவள் போன பிறகு அவன் குடித்தான். சாயங்காலம் பிரஷோடு போனாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வீங்காத பக்கமாகப் பிடித்துத் திருப்பினாள். மேல்வரிசை முடிந்தது. கீழ்வரிசைக்கு அவன் வாயைத் திறக்கவில்லை.