மெல்பர்னிலிருந்து இலஞ்சிக்கு ஒன்பதாயிரம் கிலோமீட்டர்

மெல்பர்னில் விமானம் ஏறும்போது அக்கா தென்காசி ஆஸ்பத்திரியில் இருப்பதாகத்தான் எனக்குத் தெரியும். "நெலம சரியில்ல மாப்ள, கெளம்பி வா" என்று அத்தான் போனில் சொல்லியிருந்தார். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அக்கா.

சிங்கப்பூருக்கு ஆறாயிரம் கிலோமீட்டர், எட்டு மணி நேரம். அங்கே ஐந்து மணி நேரக் காத்திருப்பு. அத்தானை அழைத்தேன்.

"பேசுதாளா?"

"பேசுதா. ஒன்னத்தான் கேக்குதா."

அடுத்த நாலு மணி நேரமும் அவளிடம் சொல்ல வேண்டியதை யோசித்துக்கொண்டே பறந்தேன்.

காலையில் திருவனந்தபுரம். அத்தான் அனுப்பிய கார் நின்றது. ஓட்டுநர் இசக்கி, செங்கோட்டைக்காரர். இலஞ்சிக்கு நூற்றுப் பத்து கிலோமீட்டர், மூன்று மணி நேரம் என்றார். தென்மலையில் மழை பிடித்தது. ஆரியங்காவில் ரோட்டின் குறுக்கே மரம் விழுந்து, வண்டிகள் வரிசையாக நின்றன. மரத்தை அறுத்துக்கொண்டிருந்தார்கள். இசக்கி இறங்கி, கதவோரம் நின்று போனில் பேசினார்.

"மரம் கெடக்கு அண்ணாச்சி. தம்பி வாரதுக்குள்ள எடுத்துராதீங்க."

நான் கதவைத் திறந்தேன்.

"எடுக்கதுன்னா?"

அவர் மழையில் நனைந்தபடியே நின்றார். "நேத்தே தவறிட்டாங்க சார். சொல்லக் கூடாதுன்னுட்டாங்க."

பாதை திறக்கப் பகல் ஒன்றரை ஆனது. செங்கோட்டை தாண்டியதும் குற்றாலத்துக்குப் போகும் வேன்கள் வழியை அடைத்தன. துண்டை ஜன்னலுக்கு வெளியே சுழற்றிக் கூத்தடித்தார்கள். சீசன். அவர்கள்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு நியாயமில்லை.

அதற்குள் எடுத்துவிட்டார்களாம்; வீட்டுக்குப் போகாமல் நேரே சுடுகாட்டுக்கு விட்டார் இசக்கி. தகரக் கொட்டகைக்குள் உடம்பு முழுக்க வரட்டி அடுக்கியாயிற்று. முகம் மட்டும் வெளியே. சாரல் படாமல் அத்தான் குடை பிடித்து நின்றார். பெரியவர்கள் சத்தம் போட்டும் அவர் அசையவில்லையாம்.

"மொகத்த மூட விடலலே. பாத்துக்கோ."

பார்த்தேன். நெற்றியைத் தொட்டேன். கல்லாகக் குளிர்ந்திருந்தது. பிறகு மூடினார்கள்.

பத்து நாள் கழித்து, திரும்பும்போது அத்தான் விமான நிலையம் வரை வந்தார். "ஏன் பொய் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சா அம்புட்டுத் தூரமும் ஒத்தையில அழுதுகிட்டு வருவியே."

"இனிமே சொல்லிருங்க அத்தான்."

அவர் பெட்டியை என் பக்கம் தள்ளி வைத்தார்.

ஜன்னலுக்குக் கீழே கடல் வந்ததும் நினைத்துக்கொண்டேன்: ஊரே அழுது ஓய்ந்த பிறகும், இந்தக் கடலுக்கு மேலே எனக்கு மட்டும் அக்கா உயிரோடு இருந்திருக்கிறாள்.