ரியாக்டா வியூவா, பூ கட்டிப் பார்த்தோம்

கம்பெனி வேலையை விட்டுவிட்டு நானும் என் கூட்டாளியும் மயிலாப்பூரில் ஒரு மாடி ரூம் பிடித்தோம். முதல் ஆர்டர் தி.நகர் ஜவுளிக்கடை அண்ணாச்சி ஒருவரிடமிருந்து வந்தது. ஆடித் தள்ளுபடிக்கு முன்னால், புடவையைப் போனிலேயே பார்த்து எடுத்துவைக்கச் சொல்ல ஒரு ஆப் வேண்டுமாம். வெள்ளிக்கிழமை முதல் பக்கத்தைக் காட்டாவிட்டால் வேலை கிண்டியில் இருக்கும் வேறு ஆட்களுக்குப் போய்விடும் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். அது போனால் நாங்கள் ரூமைக் காலி பண்ண வேண்டியதுதான்.

நாங்களோ ஒரு வரிகூட எழுதவில்லை. பக்கத்தை எந்த சாஃப்ட்வேர் கருவியில் கட்டுவது என்பதிலேயே நின்றுவிட்டோம். நான் ரியாக்ட் என்றேன், அவன் வியூ என்றான். வேகம், எடை, எதிர்காலம் என்று இங்கிலீஷ் கட்டுரைகளாக அனுப்பி வாட்சப்பில் அடித்துக்கொண்டோம், அதுவும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு. பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இவ்வளவு குறை கண்டுபிடிக்க மாட்டார்கள்.

புதன்கிழமை காலை அவன்தான் ஆரம்பித்தான். "பேசாம பூ கட்டிப் பாத்துரலாம் மச்சி. எங்க அக்கா கல்யாணமே அப்டி முடிவானதுதான்." எனக்குச் சாமியிடம் பெரிய பழக்கமில்லை. ஆனாலும் கட்டுரை எழுதியவர்களைவிடப் பிள்ளையார் மோசமில்லை என்று பட்டது.

தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். சிவப்பு அரளி வந்தால் ரியாக்ட், வெள்ளை நந்தியாவட்டை வந்தால் வியூ. நான் கற்பூரம் வாங்கி வருவதற்குள் அவன் வாழையிலையில் இரண்டு பொட்டலம் மடித்துச் சன்னதி முன்னால் வைத்திருந்தான். பிரதட்சணம் வந்துகொண்டிருந்த மாமி ஒருவரை ஒன்றை எடுக்கச் சொன்னோம். யாருக்குக் கல்யாணம் என்று ஆசையாக விசாரித்தார். கம்ப்யூட்டர் விஷயம் என்றோம். முகம் விழுந்துபோய், ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டினார். பிரித்தால் வெள்ளை.

அவன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். எனக்கா, வயிற்றெரிச்சல். குனிந்து அடுத்த பொட்டலத்தையும் பிரித்தேன். அதிலும் நந்தியாவட்டைதான்.

பிள்ளையார் காதுபடவே அவனை நாலு திட்டுத் திட்டினேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"எனக்கு வியூ ஒண்ணுதான் மச்சி தெரியும். ரியாக்டுன்னா நீ பாட்டுக்குத் தனியா கட்டிக்கினு இருப்ப. அப்புறம் நான் இன்னாத்துக்கு அந்த ரூம்ல?"

கோபம் அப்படியே இறங்கிவிட்டது. வேகமாவது எடையாவது! எனக்கும் ரியாக்டைத் தவிர வேறு எழவும் தெரியாது. அதைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் இரண்டு பேரும் அத்தனை கட்டுரை படித்திருக்கிறோம். பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது.

திருநீற்றை எடுத்துப் பூசிக்கொண்டேன். "சரி, வியூவே போடு. வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்கும் கத்துக்குடு."

அவன் நம்பாமல் பார்த்தான். "அதான் ரெண்டையும் பிரிச்சுப் பாத்துட்டியே."

"பாத்தேன். சாமி ரெண்டு தடவை சொல்லிட்டாரு."